தானாக ஏறினால்தான் கூலி

எட்டு நூறு ரூபாய் நோட்டு. கோழிக்கூடு பொருத்திக் கொடுத்த மனிதருக்கு நான் பதினொரு நாள் அந்த எட்டு நோட்டுக்குக் கடன்காரனாக இருந்தேன். கையில் இல்லாமல் இல்லை. தலையில் பாத்திரக் கூடை சுமந்து தெருத் தெருவாக விற்று, இன்றைக்கு இரண்டு எவர்சில்வர் கடையும் ஒரு தகட்டுப் பட்டறையும் வைத்திருக்கிறவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். ஆனால் உழைத்தவன் கூலியை ஒரு ராத்திரிகூட என் பெட்டியில் தங்கவிட்டதில்லை. அந்தப் பெருமையை உடைத்தவர் இந்த மனிதர்தான். நோட்டை நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

“கோழி தானா ஏறி உள்ள போகட்டும் முதலாளி. அப்புறம் வாங்கிக்கிறேன்.”

கடைத்தெருவில் அவரைத் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும். திடீரென்று கேட்டால் அவரே ஒரு நிமிஷம் யோசிப்பார் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்துகிற இடத்தில் இவர் மஞ்சள் பிடி போட்ட சின்னத் திருப்புளி ஒன்றைக் குத்தியிருப்பார். பேச்சுக்கு நடுவில் அது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இந்தக் காலத்தில் கட்டில், அலமாரி, மேசை எல்லாம் பலகை பலகையாக அட்டைப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு வருகின்றனவே, அவற்றை எழுப்பி நிற்க வைப்பதுதான் அவர் தொழில். அதில் கோழிக்கூடு என்றால் முகமே மாறிவிடும்.

“கட்டில் ஆடிச்சுன்னா படுக்கிறவன் போன் போட்டுத் திட்டுவான். கோழிக்குப் போன் கிடையாதே. நாமதான் பாத்துச் செய்யணும்.”

எங்கள் வீட்டுக்கு அந்தக் கூட்டை அனுப்பியவள் வெளியூரில் இருக்கும் என் மகள். என் மனைவி பின்பக்கத்தில் ஆறு கோழி வளர்க்கிறாள். பகலெல்லாம் அவள் காலைச் சுற்றும். பொழுது சாய்ந்தால் துணி துவைக்கிற கல், அதிலிருந்து தண்ணீர்க் குழாய், அதிலிருந்து சுற்றுச்சுவர் என்று படிப்படியாக ஏறி, சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து தூங்கும். பக்கத்துத் தோட்டத்தில் சாம்பல் நிறப் பூனை ஒன்று அந்த வரிசையைக் கணக்கெடுத்துக்கொண்டு இருந்தது. விஷயம் மகள் காதுக்குப் போனது. “அப்பா, நீங்க தகடு கிகடு வெட்டி எதையும் அடிக்காதீங்க. ரெடிமேடா வருது, ஆளும் வருவார்” என்று முன்கூட்டியே என் வாயை அடைத்துவிட்டாள்.

வந்தார். வந்ததும் வராததுமாக என் மனைவியிடம், “அம்மா, ஆறு சாசர் கிடைக்குமா?” என்றார். அவள் தேநீருக்குத்தான் இப்படிச் சாடையாகக் கேட்கிறார் என்று நினைத்து, விருந்தாளிக்கு எடுக்கிற ஆறு கப்பிலும் ஊற்றி ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அவர் மரியாதையாக ஒவ்வொரு கப்பையும் தூக்கித் தட்டிலேயே வைத்துவிட்டு, அடியிலிருந்த சாசர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். ஆறு கப்பையும் நானும் அவளும்தான் குடித்துத் தீர்த்தோம்.

சாசர்கள் எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. நீள ஸ்க்ரூ ஒன்றில், குட்டை ஸ்க்ரூ ஒன்றில், வாஷர் ஒன்றில், கீல் ஒன்றில் என்று பிரித்து வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். எண்பத்துநான்கு இருக்க வேண்டும், எண்பத்துமூன்று இருந்தது. பெட்டியைக் கவிழ்த்தார், அட்டையின் மடிப்பையெல்லாம் பிரித்துத் தடவினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு ஸ்க்ரூதானே தம்பி. நம்ம பட்டறையில ஒரு மூட்டை கிடக்கு. எந்த சைசு வேணும் சொல்லுங்க.”

“அது உங்க வீட்டு ஸ்க்ரூ முதலாளி. இது கோழி வீட்டு ஸ்க்ரூ. பெத்தவங்க தேடுவாங்கல்ல.”

அரை மணி நேரம் கழித்து அது பெட்டியை ஒட்டியிருந்த பசைநாடாவில் சிக்கிக்கொண்டு கிடைத்தது. தொலைந்த பிள்ளை திரும்பி வந்த மாதிரி அதைத் துடைத்துச் சாசரில் விட்டார்.

அடுத்தது தாள். கூட்டோடு ஒரு பெரிய மடித்த தாள் வந்திருந்தது. எழுத்து ஒன்றுமில்லை, படங்கள் மட்டும். ஒவ்வொரு படத்திலும் மொட்டைத்தலை ஆள் ஒருவன் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். திருப்புளி அவனுக்கு மாமா என்று பெயர் வைத்திருந்தார். பலகையில் கை வைக்குமுன் தாளைத் தரையில் விரித்து, அதன் எதிரில் சம்மணம் போட்டு, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை விரலை வைத்து ஊர்ந்தார். “மாமா இங்க சிரிக்கிறார் பாருங்க, அப்ப சரி. இங்க புருவத்தைச் சுளிக்கிறார். இந்த இடத்துல எவனோ பலகையைத் தலைகீழா மாட்டியிருக்கான், மாமாவுக்குப் பிடிக்கல.”

நான் வாழ்க்கையில் எந்தத் தாளையும் பார்த்து எதையும் செய்தவன் இல்லை. என் பட்டறையில் தகடு மடிக்கிற முதல் எந்திரத்தைப் பிரித்துப் போட்டு, நானே யோசித்து, நானே திரும்ப மாட்டினேன். இருபத்தெட்டு வருஷமாக ஓடுகிறது. அதை அவரிடம் சொன்னேன். அவர் மிகவும் மதிப்போடு கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, “மாட்டினப்ப ஏதும் மிஞ்சலையா முதலாளி?” என்றார். இரண்டு நட்டும் ஒரு சுருள்கம்பியும் மிஞ்சின. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வேலை தொடங்கியதும் அவர் கை அழகு. பக்கச் சுவரை நிறுத்தி, அடித்தட்டைச் செருகி, முட்டைப் பெட்டியை வெளிப்பக்கம் தொங்கவிட்டு, எந்த ஸ்க்ரூவையும் முழுக்க முறுக்காமல் பாதியிலேயே விட்டுக்கொண்டு போனார். கூடு முழுவதும் பல் விழுந்த கிழவன் வாய்போல ஆடியது. “இது என்ன தம்பி, தொட்டா விழும்போல இருக்கே” என்றேன்.

“எல்லாரும் இப்பத்தானே வந்திருக்காங்க. முதல்ல முகம் பாத்துப் பேசிக்கட்டும். அப்புறம் கையைப் பிடிச்சுக்கட்டும்.”

கடைசிப் பலகை உட்கார்ந்த பிறகுதான் ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் இறுக்கினார். பிறகு ரசமட்டம் வைத்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கூட்டின் சின்னக் கதவுக்குள் தலையையும் தோளையும் நுழைத்து, கதவை முடிந்தவரை இழுத்துச் சாத்திக்கொண்டு, உள்ளே இருட்டில் எங்கெங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்த்தார். வெளியே நின்ற எங்களுக்கு அவருடைய பின்பக்கமும் இரண்டு செருப்பும்தான் தெரிந்தன. உள்ளேயிருந்து குரல் வந்தது: “நல்ல காத்து அம்மா. நானே தூங்கிடுவேன்.” என் மனைவி சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று நாள் கோழிகளைத் தீனி தண்ணீரோடு உள்ளேயே அடைத்து வைக்க வேண்டும். நாலாம் நாள் காலையில் திறந்துவிட வேண்டும். அன்றைக்குப் பொழுது சாய்கிறபோது அவை தானாக ஏறி உள்ளே போகும், அதைத் தாம் வந்து பார்த்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பிடித்து உள்ளே தள்ளினால் கணக்கில் சேராதாம். “தள்ளி விட்டா அது ஜெயிலு. தானா போனாத்தான் வீடு.” இது என்ன சட்டம் என்று கேட்டதற்கு, அவர் முதன்முதலில் பொருத்திய கூட்டைப் பற்றிச் சொன்னார். ஒரு தையல்காரம்மா வீடு. அவசரத்தில் உட்காரும் கட்டையைக் கீழேயும் முட்டைப் பெட்டியை மேலேயும் மாட்டிவிட்டார். காசை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கோழி ஒன்றும் உள்ளே தங்கவில்லை. ஒரு வாரத்தில் ஐந்து கோழியில் நாலு பூனை வாய்க்குப் போய்விட்டது.

“அந்தம்மா ஒரு வார்த்தை திட்டல முதலாளி. மிச்சமிருந்த ஒண்ணைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. அவ்வளவுதான்.”

அவர் போன பிறகு நான் கூட்டைச் சுற்றி வந்தேன். என் வீட்டுக்குள் வந்த எந்தப் பொருளையும் வந்தபடியே விட்டவன் இல்லை நான். எல்லாம் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கோழி ஏறுகிற ஏணிப் பலகை மட்டும் கண்ணை உறுத்தியது. ஒரு மட்டமான பலகை, அதன்மேல் குறுக்கே சின்னச் சின்னக் கட்டைகள். இரண்டு மழைக்குத் தாங்காது. எவர்சில்வர் முதலாளி வீட்டில் இப்படி ஒரு ஏணியா? அன்று மாலையே பட்டறைக்குப் போய், ஹோட்டல் சமையல் மேடைக்குப் போடுகிற முதல்தரத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி, விளிம்பு கையைக் கிழிக்காதபடி மடித்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து மாட்டினேன். பழைய பலகை, ஒரு பக்கம் சாய்ந்து நின்ற தண்ணீர் டிரம்முக்கு அடியில் முட்டுக் கொடுக்கச் சரியாக இருந்தது. என் மனைவி பார்த்தாள். “கோழிக்கா, கல்யாண மண்டபத்துக்கா?” என்றாள்.

நாலாம் நாள் காலை கதவைத் திறந்தோம். முதல் கோழி ஏணியில் கால் வைத்தது. வைத்த கால் வைத்தபடியே, உட்கார்ந்த வாக்கில், சர்ரென்று கீழே வந்து சேர்ந்தது. எழுந்து இறகை உதறிக்கொண்டு யாராவது பார்த்தார்களா என்று பார்த்தது. மற்ற ஐந்தும் அப்படியே வந்தன. இறங்குவதற்கு அதைவிட வசதியான ஏணி உலகத்தில் கிடையாது என்று எனக்குத் திருப்தி.

சாயங்காலம் திருப்புளி வந்தார். தகட்டைப் பார்த்தார். குனிந்து அதில் தம் முகத்தையும் பார்த்தார். “பளபளன்னு இருக்கு முதலாளி” என்றார். “எவர்சில்வர். உங்க ஆயுசுக்கும் என் ஆயுசுக்கும் துருப்பிடிக்காது” என்றேன். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கோழிகள் கூட்டைப் பார்த்து நடந்து வந்தன. வந்தவை தகட்டுக்குள் இன்னொரு கோழி நிற்பதைக் கண்டு கழுத்தை நீட்டி இரண்டு கொத்துக் கொத்தின. ஒன்று மட்டும் துணிந்து ஓடி ஏறி, பாதி வழியில் கால் பின்னிச் சறுக்கி வந்தது. அப்புறம் ஆறும் திரும்பி, துவைக்கிற கல், குழாய், சுவர்.

நான் எட்டு நோட்டை நீட்டினேன். கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வேலை முடித்துவிட்டு, கருவிப்பெட்டியும் கையுமாக, இரண்டு பஸ் மாறி வருவார். ஒருநாள் கூட்டின் மரத்தை மோந்து பார்த்தார். ஒருநாள் அடியில் மல்லாந்து படுத்து ஸ்க்ரூவையெல்லாம் மறுபடி எண்ணினார். ஒருநாள் உள்ளே போட்டிருந்த வைக்கோலை மாற்றினார். தம் வேலையில் என்னென்ன குற்றம் காண முடியுமோ அத்தனையும் கண்டார். என் தகட்டைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. முடிந்ததும் வாளியில் உட்கார்ந்து, கோழிகள் சுவர் ஏறுகிறவரை பார்த்துவிட்டு, “நாளைக்கு வரேன் அம்மா” என்று கிளம்பிவிடுவார்.

பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கிற மெக்கானிக் சொல்லித்தான் எனக்கு அந்த விஷயம் தெரிந்தது. திருப்புளியின் ஸ்கூட்டர் இரண்டு வாரமாக அவரிடம்தான் நிற்கிறது. வேலை முடிந்து தயாராக இருக்கிறது. பணம் கொடுத்தால் எடுத்துக்கொண்டு போகலாம். “உங்க வீட்டுக் கூலி வந்ததும் எடுத்துக்கிறேன்னார். என்ன முதலாளி, நீங்க இன்னும் குடுக்கலையா?” என்று அவர் கேட்டபோது நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பது வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. ஸ்கூட்டர் பணத்தை நானே கட்டிவிடலாம் என்று அங்கேயே பையில் கை விட்டேன். மெக்கானிக் எதற்கும் ஒரு வார்த்தை என்று அவருக்குப் போன் போட்டார். பதில் எனக்கும் கேட்டது: “கோழி ஏறிடுச்சாமா? இல்லையா? அப்ப வேணாம்ப்பா.”

அன்று சாயங்காலம் எனக்குக் கோபம். “தம்பி, பஸ்ஸுக்கே பாதிக் காசு போயிருக்குமே. வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?” என்றேன்.

“வீம்பு இல்ல முதலாளி. இதை வாங்கிட்டேன்னா அடுத்த வீட்டுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேலை செய்வேன்?”

வாதத்தில் தோற்கிறபோது நான் வழக்கமாகச் செய்வதைப்போல, என் முதல் கடையை எப்படிப் பிடித்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டார். பஸ்ஸைத் தவறவிட்டார்.

பதினோராம் நாள் காலை, சுவரடியில் இறகாகக் கிடந்தது. ஒரு கோழியின் வால் முழுவதும் அங்கே இருந்தது. கோழி குழாயடியில் பதுங்கி, பின்பக்கம் மொட்டையாக, உயிரோடு நடுங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எவர்சில்வர் துருப்பிடிக்காதுதாங்க. அதுக்கு என்ன இப்ப?”

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. தண்ணீர் டிரம் நிறைந்திருந்தது, நகர்த்த முடியாது. வேலைக்காரரைக் கூப்பிட மனமில்லை. வாளி வாளியாக நானே மொண்டு செடிகளுக்கு ஊற்றினேன். எழுபத்திரண்டு வயதில் அறுபது வாளி. இந்தத் தெருவில் வேறு யார் செய்வார்கள் என்று பார்க்கிறேன். டிரம்மைச் சாய்த்து, அடியிலிருந்த ஏணிப் பலகையை உருவி, சேற்றைக் கழுவி வெயிலில் வைத்தேன். பதினோரு நாள் டிரம்மைச் சுமந்தும் ஒரு குறுக்குக் கட்டைகூட அசையவில்லை. மட்டமான பலகை என்று நான் சொன்னதை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அவர் வந்ததும் பலகையை அவர் கையில் கொடுத்தேன். “இதை மாட்டுங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை; அது அவருடைய பெருந்தன்மை. பலகையை ஒருமுறை உள்ளங்கையால் தடவினார். என் தகட்டை மெதுவாகக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். “இவ்வளவு நல்ல சாமானை வீணாக்கக் கூடாது முதலாளி. கூரைமேல போட்டா மழைக்கு அருமையா இருக்கும். அங்க எந்தக் கோழியும் ஏறாது, அது உறுதி.”

“தம்பி, முதல் நாளே உங்களுக்குத் தெரியுமா?”

“மாமா படத்துல ஏணிக்குக் குறுக்குக் கட்டை இருக்கே.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க ஆசையா செஞ்சு வச்சிருந்தீங்க. அதோட…” திருப்புளியை எடுத்துத் துடைத்துக்கொண்டார். “நான் சொன்னா மட்டும் கழற்றியிருப்பீங்களா?”

“எங்க கழற்றுவார், அதுக்கு இன்னொரு கோட்டிங் பாலிஷ் போட்டிருப்பார்” என்றாள் என் மனைவி.

ஏணியை மாட்டினார். இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். மூன்று பேரும் தள்ளிப்போய் நின்றோம். வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கோழிகள் வழக்கம்போலத் துவைக்கிற கல்லைப் பார்த்து நடந்தன. கறுப்புக் கோழி மட்டும் நின்று, கழுத்தைச் சாய்த்து ஏணியைப் பார்த்தது. அதில் வேறு கோழி யாரும் இல்லை. ஒரு காலைத் தூக்கி முதல் கட்டையில் வைத்தது. அடுத்த கால் இரண்டாவதில். திருப்புளி மூச்சைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணினார். அது உள்ளே போனது. அதன் பின்னால் இரண்டு வெள்ளை. அவற்றின் பின்னால் செம்பட்டை இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. வால் போன கோழி கடைசி. அதற்கு நடை பிடிபடவில்லை. இரண்டு தரம் நின்று தடுமாறியது. என் மனைவி பிடித்துவிட ஓரடி வைத்தாள். திருப்புளி கையை நீட்டித் தடுத்தார். “வேணாம் அம்மா. அது போகும்.” அது போனது. உள்ளே கட்டையில் இடத்துக்காகக் கொஞ்சம் முணுமுணுப்புக் கேட்டு அடங்கியது.

அவர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பதினோரு நாளில் முதன்முதலாக என் முன்னால் நீட்டினார். நான் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். எட்டு.

கை மூடவில்லை.

“ஏணி ரெண்டாம் தடவை மாட்டினது தனி, முதலாளி.”

நான் ஒன்பதாவது நோட்டை எடுத்து, மற்ற எட்டின்மேல் வைத்தேன்.